ஃபைனல் இல்லாத ஆட்டம்: பாம்பன் கரையிலிருந்து ஒரு பிரீமியர் லீக் சீசனைப் பின்தொடர்வது எப்படி

"அண்ணே, இதுக்கு ஃபைனல் என்னைக்கு?"

பாம்பனில் நான் கணக்கு எழுதுகிற மீன் கம்பெனியில் ஐஸ் உடைக்கும் வேலைக்குப் புதிதாக வந்த தம்பி கேட்ட கேள்வி இது. லாரி வர இன்னும் நேரம் இருந்தது. என் கைப்பேசியில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. "ஃபைனல் கிடையாதுடா" என்றேன். அவன் நம்பவில்லை. உலகக் கோப்பை பார்த்தவன், ஐபிஎல் பார்த்தவன். கடைசியில் ஒரு ராத்திரி வரும், அன்றைக்கு ஜெயித்தவருக்குத்தான் கோப்பை என்பது அவனுக்குப் பழகிப்போன கணக்கு.

"சரி, ஒரு படகு நல்ல படகுன்னு எதை வச்சுச் சொல்லுவ? ஒரு நாள் மீன்பாட்டை வச்சா, வருசக் கணக்கை வச்சா?"

"வருசக் கணக்குதான்ணே. ஒரு நாள் பாடு யாருக்கு வேணாலும் வாய்க்கும்."

"அதுதான் லீக்."

அந்தத் தம்பியைப் போலப் புதிதாகப் பார்க்க வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்குக் கால்பந்து விளையாடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒன்பது மாதப் பொறுமையும் ஒரு நீள நோட்டும் இருந்தால் போதும். 2010 உலகக் கோப்பை முடிந்த கையோடு இந்த லீக்கைப் பார்க்க ஆரம்பித்தேன். சொல்லித்தர ஆள் இல்லை. இரண்டு மூன்று வருடம் தடுமாறித்தான் பிடிபட்டது. நீங்கள் ஒரே சீசனில் பிடித்துவிடலாம்.

முதலில் கணக்கு முறை

பிரீமியர் லீக்கில் 20 அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற 19 அணிகளோடு இரண்டு தடவை மோதும். ஒன்று தன் சொந்த மைதானத்தில், இன்னொன்று எதிராளியின் மைதானத்தில். ஆக ஓர் அணிக்கு 38 மேட்ச், மொத்தம் 380. ஆகஸ்டில் தொடங்கி மே கடைசியில் முடியும். ஜெயித்தால் 3 புள்ளி, டிரா ஆனால் இரண்டு பேருக்கும் ஆளுக்கு 1, தோற்றால் ஒன்றும் இல்லை. 38 மேட்ச்சும் முடிந்த பிறகு யாரிடம் அதிகப் புள்ளி இருக்கிறதோ அவர்தான் சாம்பியன்.

பட்டியலின் அடியில் இருக்கும் மூன்று அணிகள் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும். அந்தப் பிரிவுக்குப் பெயர் சாம்பியன்ஷிப். அங்கிருந்து மூன்று அணிகள் மேலே வரும். மேலே முதல் நான்கு இடத்துக்குள் வந்தால் அடுத்த வருடம் ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக்கில் ஆட இடம் கிடைக்கும். சில வருடங்களில் ஐந்தாவது இடத்துக்கும் கிடைக்கிறது. அதனால் ஒரே பட்டியலுக்குள் மூன்று சண்டை நடக்கிறது: கோப்பைக்கு, ஐரோப்பாவுக்கு, பிழைத்துக் கிடப்பதற்கு. புதியவர்கள் முதல் சண்டையை மட்டும்தான் பார்ப்பார்கள். மூன்றாவதுதான் பல வருடங்களில் நெஞ்சைப் பிடிக்க வைக்கும்.

இந்த முறையின் நியாயம் புரிய 2015-16 சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். லெஸ்டர் சிட்டி அந்த வருடம் 38 மேட்ச்சில் மூன்றே மூன்றில்தான் தோற்றது. அந்த மூன்றில் இரண்டு ஆர்சனலிடம். சொந்த மைதானத்தில் 5-2, ஆர்சனல் மைதானத்தில் 2-1. நேருக்கு நேர் பார்த்தால் ஆர்சனல்தான் பலசாலி. ஆனால் சீசன் முடிந்தபோது லெஸ்டரிடம் 81 புள்ளி, ஆர்சனலிடம் 71. லெஸ்டர் சாம்பியன். ஆர்சனல் மற்றவர்களிடம் ஏழு மேட்ச் தோற்றது, பதினொன்றை டிரா செய்தது. யாரை அடித்தாய் என்று லீக் கேட்பதில்லை. எத்தனை நாள் வெறுங்கையோடு கரைக்கு வந்தாய் என்றுதான் கேட்கும்.

நோட்டு போடுங்கள்

இதுதான் நான் சொல்லப்போகிற வேலைகளிலேயே முக்கியமானது. செயலிகளில் பட்டியல் கிடைக்கும், உண்மைதான். ஆனால் கையால் எழுதினால்தான் சீசன் உங்களுக்குள் இறங்கும்.

படகு வாரியாகக் கணக்கு எழுத வாங்குவோமே, அந்த நீள நோட்டுதான் நான் வைத்திருப்பது. அணிக்கு ஒரு வரி. குறுக்கே எட்டுக் கட்டம்: ஆடியது, ஜெயித்தது, டிரா, தோற்றது, அடித்த கோல், வாங்கிய கோல், வித்தியாசம், புள்ளி. வாரம் முடிந்ததும் பென்சிலால் மாற்றுவேன். பேனா வேண்டாம், சீசன் முழுக்க அழித்து எழுத வேண்டியிருக்கும்.

வித்தியாசம் என்ற கட்டத்தைப் புதியவர்கள் விட்டுவிடுவார்கள். அடித்த கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழித்தால் வருவது. வரவுக்கும் செலவுக்கும் நடுவில் மிஞ்சுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அணிகள் ஒரே புள்ளியில் முடித்தால் இந்தக் கட்டம்தான் தீர்ப்பு சொல்லும். அதுவும் சமமாகிவிட்டால் யார் அதிகக் கோல் அடித்தார் என்று பார்ப்பார்கள்.

இதற்கு 2011-12 சீசனைவிட நல்ல பாடம் கிடையாது. மான்செஸ்டர் சிட்டி 28 ஜெயிப்பு, 5 டிரா, 5 தோல்வி. அதே ஊரின் மான்செஸ்டர் யுனைடெட்டும் 28 ஜெயிப்பு, 5 டிரா, 5 தோல்வி. இருவருக்கும் 89 புள்ளி. சிட்டி அடித்தது 93, வாங்கியது 29, வித்தியாசம் 64. யுனைடெட் அடித்தது 89, வாங்கியது 33, வித்தியாசம் 56. எட்டுக் கோல் கூடுதலாக வைத்திருந்ததால் சிட்டி சாம்பியன்.

நான் சில வருடம் கழித்து அந்தப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. அந்த சீசனில் அக்டோபர் 23 அன்று யுனைடெட்டின் மைதானத்திலேயே போய் சிட்டி 6-1 என்று ஜெயித்திருந்தது. அது 6-1 ஆக இல்லாமல் 2-1 ஆக முடிந்திருந்தால்? பென்சிலை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். சிட்டிக்கு நான்கு கோல் குறைகிறது: 89 அடித்து 29 வாங்கியது. யுனைடெட்டுக்கு வாங்கியதில் நான்கு குறைகிறது: 89 அடித்து 29 வாங்கியது. இரண்டு வரியும் ஓர் எண்கூட மாறாமல் ஒன்றாகிவிட்டன! திரும்பத் திரும்பக் கூட்டினேன். அதேதான் வந்தது.

அந்த மேட்ச்சில் கடைசி மூன்று கோல் 3-1 ஆன பிறகு, ஆட்டம் முடியும் தறுவாயில் அடித்தவை. ஜெயித்தாகிவிட்டது, இனி எதற்கு ஓட வேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை. அதனால்தான் 4-0 என்று ஆன பிறகும் நான் தொலைக்காட்சியை அணைப்பதில்லை. அக்டோபரில் அடிக்கிற உபரி கோலுக்கு மே மாதத்தில்தான் விலை தெரியும்.

நோட்டின் கடைசிக் கட்டத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள். சில சமயம் புள்ளி வெட்டும் உண்டு. 2023-24இல் செலவு விதிகளை மீறியதற்காக எவர்ட்டனுக்கு மொத்தம் 8 புள்ளியும், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்கு 4 புள்ளியும் கழித்தார்கள். கிளப்பின் கணக்குப் புத்தகம் சரியாக இல்லையென்றால் மைதானத்தில் சம்பாதித்ததும் போய்விடும் என்பது கணக்கு எழுதுகிறவனான எனக்கு மிகவும் பிடித்த விதி.

ஓர் அணியைத் தேர்ந்தெடுங்கள், மாற்றாதீர்கள்

பத்து மேட்ச் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். ஆனால் முடிவு செய்த பிறகு சீசன் முடியும்வரை அதே அணிதான். அணி இல்லாமல் பார்க்கிறவருக்கு வெறும் கோல்கள்தான் தெரியும். அணி இருக்கிறவருக்கு டிராகூட வலிக்கும், அல்லது இனிக்கும்.

முதலிடத்தில் இருப்பதைத்தான் பிடிக்க வேண்டும் என்று இல்லை. நடுவில் கிடக்கிற அணியைப் பிடித்தால் மேலேயும் பார்ப்பீர்கள், கீழேயும் பார்ப்பீர்கள், லீக் முழுக்கப் பழகிவிடும். கடலோரத்து ஆட்களுக்கு என் யோசனை, துறைமுக ஊர்களைப் பாருங்கள் என்பது. லிவர்பூல் கப்பல் வந்துபோன ஊர்; அங்கே லிவர்பூல், எவர்ட்டன் என்று இரண்டு அணி. எவர்ட்டன் 2025 ஆகஸ்டிலிருந்து ஆடுகிற புது மைதானம் மெர்சி ஆற்றங்கரையில் பழைய கப்பல் துறை ஒன்றைத் தூர்த்துக் கட்டியது. 52,000 பேருக்கு மேல் உட்காரலாம். சண்டர்லாந்து கப்பல் கட்டிய ஊர். டிவியில் அந்த ஊர்களைக் காட்டும்போது சாம்பல் நிற வானமும் கிரேன்களும் கடற்காகங்களும் தெரிந்தால் எனக்கு நம் ஜெட்டி ஞாபகம் வரும். அப்படி ஏதாவது ஒன்று உங்களை இழுத்தால் போதும்.

நேரம்: கடலுக்குப் போகும் நாளும் மேட்ச் நாளும்

நம் கரையில் பாதிப் பேர் பாதியிலேயே விட்டுவிடுவதற்குக் காரணம் நேரக் குழப்பம்தான். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை இங்கிலாந்து நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால். அக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள், அப்போது ஐந்தரை மணி நேரம். ஆகையால் சனிக்கிழமை மேட்ச்சுகள் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை நமக்கு மாலை 5:00, இரவு 7:30, 10:00 மணிக்கு. அதற்குப் பிறகு மார்ச் வரை 6:00, 8:30, 11:00. ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்கள் முதல் பகுதியில் 6:30க்கும் 9:00க்கும்; பனிக்காலத்தில் 7:30க்கும் 10:00க்கும். வாரநாள் ஆட்டம் அங்கே ராத்திரி 8 மணி என்றால் இங்கே நள்ளிரவு 12:30, பனிக்காலத்தில் 1:30. இங்கேதான் எல்லோரும் ஏமாறுவது: திங்கள் ராத்திரி மேட்ச் என்று போட்டிருந்தால் நமக்கு அது செவ்வாய் பிறந்த பிறகு. திங்கள் இரவு சாப்பிட்டுவிட்டுப் படுத்து அலாரம் வைத்து எழ வேண்டும்.

ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனிதான் போகும். சனிக்கிழமை டோக்கன், அதாவது கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டு, வாங்கிப் போனவர் ஞாயிறு காலைதான் கரைக்கு வருவார். அவருக்குச் சனி மேட்ச்சுகள் எதுவும் கிடைக்காது. அப்படிப்பட்டவர் ஞாயிறு மீன் இறக்கி, தூங்கி எழுந்து, சனி ஆட்டங்களின் சுருக்கத்தை மதியம் பார்த்துவிட்டு, சாயங்காலம் இரண்டு மேட்ச்சை முழுசாகப் பார்க்கட்டும். ஒரு வாரத்துக்கு அது தாராளமாகப் போதும். வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கரையில் கால் வைத்ததும் முடிவைச் சொல்லிவிடாதீர்கள். கடலில் ஒரு ராத்திரி கிடந்து வந்தவருக்கு அந்தத் தொண்ணூறு நிமிடம்தான் அன்றைய இனிப்பு.

நாட்டுப்படகுக்காரர்களுக்கு மற்ற நாட்கள். காற்றையும் வலையையும் பொறுத்து அவரவர் பார்த்துக்கொள்வார்கள்.

ஒரு தகவல். இங்கிலாந்தில் சனிக்கிழமை மதியம் 3 மணிக்கு நடக்கிற மேட்ச்சுகளை அந்த நாட்டில் நேரலையாகக் காட்டுவதில்லை. டிவியில் காட்டினால் மைதானங்களுக்கு, அதிலும் சின்ன கிளப்புகளுக்கு, ஆள் வர மாட்டார்கள் என்று பல பத்தாண்டுகளாக இருக்கும் கட்டுப்பாடு. மான்செஸ்டரில் மைதானத்துக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருப்பவர் வீட்டில் இருந்தபடி பார்க்க முடியாத மேட்ச்சை, பாம்பனில் நாம் ராத்திரிச் சாப்பாட்டோடு பார்க்கலாம்.

எந்தச் சேனல், எந்தச் செயலி என்பது மாறிக்கொண்டே இருக்கும். உரிமம் சில வருடங்களுக்கு ஒருமுறை கை மாறுகிறது. ஆகஸ்டு முதல் வாரத்தில் அதை விசாரித்துவிட்டு ரீசார்ஜ் செய்யுங்கள், அவசரப்பட்டு வருடச் சந்தா கட்டாதீர்கள்.

ஆஃப்சைடு

விதிகளில் இது ஒன்றுதான் புதியவர்களை விரட்டும். மற்றதெல்லாம் பார்க்கப் பார்க்க வந்துவிடும்.

என் அண்ணன் மகளுக்கு இதை குந்துகால் கரையில் ஈர மணலில் வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். விரலால் ஒரு கோடு கிழித்து, அதுதான் கோல் கோடு என்றேன். கோட்டை ஒட்டி ஒரு சங்கு: கோல்கீப்பர். அதற்கு முன்னால் நான்கு மட்டிச் சிப்பிகள் வரிசையாக: தடுப்பு ஆட்கள். அந்த வரிசைக்கு இந்தப் பக்கம் இரண்டு கூழாங்கல்: தாக்குகிற ஆட்கள். ஒரு கல் பந்தை அடுத்த கல்லுக்குத் தள்ளுகிறது. தள்ளுகிற அந்த நொடியில், பந்தை வாங்கப் போகிற கல் சிப்பி வரிசையைத் தாண்டி, பந்தையும் தாண்டி, கோல் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றால் ஆஃப்சைடு. வரிசைக்குச் சமமாக நின்றால் தப்பில்லை.

அவள் குனிந்து பார்த்தாள். கல்லை முன்னும் பின்னும் நகர்த்தினாள். பிறகு கேட்டாள்: "சித்தப்பா, பந்து கிளம்புறப்ப பாக்கணுமா, வந்து சேர்றப்ப பாக்கணுமா?"

அதுதான் சரியான கேள்வி. கிளம்பும்போதுதான் பார்க்க வேண்டும். பந்து காற்றில் இருக்கும்போது எவ்வளவு தூரம் ஓடினாலும் குற்றம் இல்லை. அதனால்தான் நல்ல தாக்குகிற ஆட்கள் சிப்பி வரிசையோடு ஒட்டியே நின்று, பந்து கிளம்புகிற கணத்தில் சீறுவார்கள். இன்னும் மூன்று: தன் பாதி மைதானத்துக்குள் நிற்பவர் ஆஃப்சைடு ஆக மாட்டார். கையால் உள்ளே எறியும் பந்து, மைதான மூலையிலிருந்து உதைக்கும் கார்னர், கோலுக்கு முன்னாலிருந்து உதைக்கும் கோல் கிக் இவற்றில் நேரடியாக வாங்கினால் ஆஃப்சைடு இல்லை. அப்புறம், வரிசையில் கடைசிக்கு முந்தைய ஆள்தான் கணக்கு. கோல்கீப்பர் முன்னே ஓடி வந்துவிட்டால், கோல் கோட்டுக்குப் பக்கத்தில் மிஞ்சுகிற கடைசி இரண்டு தடுப்பு ஆட்களை எண்ண வேண்டும்.

அலை வந்து கோட்டை அழித்துவிட்டுப் போனது. அவளே மறுபடி கிழித்து, சிப்பியை அடுக்கி, இந்த முறை எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். நீங்களும் வீட்டில் புளியங்கொட்டை வைத்துச் செய்து பாருங்கள், பத்து நிமிடத்தில் பிடிபடும்.

2019-20 சீசனிலிருந்து வீடியோ நடுவர் முறை இருக்கிறது. ஆஃப்சைடு என்று கோல் ரத்தாகலாம். அதனால் கோல் விழுந்ததும் உடனே குதிக்காமல் திரையைக் கொஞ்ச நேரம் பாருங்கள்.

மாதவாரியாக என்ன பார்ப்பது

ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பட்டியலை நம்பாதீர்கள். நான்கு மேட்ச் ஜெயித்து முதலிடத்தில் இருப்பது முதல் வாரப் பாட்டை வைத்து வருடத்தைச் சொல்வது மாதிரி. செப்டம்பர், அக்டோபர், நவம்பர், மறுபடி மார்ச்சில் வீரர்கள் தங்கள் நாட்டு அணிகளுக்கு ஆடப் போய்விடுவார்கள். அப்போது லீக் நிற்கும். சீசன் முடிந்துவிட்டதா என்று பயப்பட வேண்டாம்.

இடையில் எஃப்ஏ கோப்பை, லீக் கோப்பை என்று வேறு மேட்ச்சுகள் வரும். அவை தோற்றால் வெளியே போகிற தனிப் போட்டிகள். அவற்றை நோட்டில் ஏற்றாதீர்கள்.

டிசம்பரில்தான் சீசன் சூடுபிடிக்கிறது. கிறிஸ்துமஸிலிருந்து ஜனவரி முதல் வாரம்வரை மேட்ச்சுகள் நெருக்கி நெருக்கி வரும். கால் பிசகியவர்கள், நடுவர் எச்சரித்துக் காட்டுகிற மஞ்சள் கார்டு சேர்ந்து தடைபட்டவர்கள் என்று ஆள் குறையும். முதல் 19 மேட்ச்சுக்குள் ஐந்து மஞ்சள் கார்டு வாங்கியவர் ஒரு மேட்ச் வெளியே உட்கார வேண்டும். ஆப்பிரிக்கக் கோப்பை நடக்கிற வருடமென்றால் அந்தக் கண்டத்து வீரர்களும் சில வாரம் இருக்க மாட்டார்கள். பதினோரு பேரை மட்டும் வைத்திருக்கிற அணிக்கும் இருபது பேரை வைத்திருக்கிற அணிக்கும் வித்தியாசம் இங்கேதான் தெரியும்.

நமக்கும் அது வாடைக்காலம். பாம்பனில் புயல் கூண்டு ஏறிவிட்டால் டோக்கன் கிடையாது, படகெல்லாம் கயிற்றில் கிடக்கும். அந்த நாட்களில் 1:30 மணி மேட்ச்சுகளைப் பார்த்துவிடுங்கள். வெளியே காற்று தகரத்தைத் தட்டிக்கொண்டிருக்க, போர்வையைப் போர்த்திக்கொண்டு, சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்த்த மேட்ச்சுகள்தான் எனக்கு இன்னும் நினைவில் நிற்கின்றன.

ஜனவரியில் ஆள் வாங்கி விற்கிற நேரம். வதந்திகள் ஆயிரம் வரும். கையெழுத்தானதை மட்டும் நம்புங்கள்.

கிறிஸ்துமஸில் கடைசி இடத்தில் கிடப்பவர்களைக் கணக்கிலிருந்து தள்ளிவிடாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். மேலே சொன்ன லெஸ்டர், சாம்பியன் ஆனதற்கு முந்தைய வருடம் 2014-15இல், கிறிஸ்துமஸ் அன்று கடைசி இடம். கடைசி ஒன்பது மேட்ச்சில் ஏழை ஜெயித்து 41 புள்ளியோடு 14ஆவது இடத்தில் கரை ஏறியது. அப்படிக் கரை ஏறிய அணிதான் அடுத்த மே மாதம் கோப்பையைத் தூக்கியது. 40 புள்ளி எடுத்தால் பிழைத்துவிடலாம் என்று ஒரு பேச்சு உண்டு. பெரும்பாலும் சரிதான், ஆனால் 2002-03இல் வெஸ்ட் ஹாம் 42 எடுத்தும் இறங்கியது.

பிப்ரவரி, மார்ச்சில் சில அணிகள் ஒரு மேட்ச் குறைவாக ஆடியிருக்கும். கோப்பைப் போட்டிக்காகவோ வானிலைக்காகவோ தள்ளி வைத்தது. பட்டியலைப் பார்க்கும்போது முதல் கட்டத்தைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். கையில் இருக்கிற மேட்ச் கையில் இருக்கிற புள்ளி ஆகாது. கடலில் கிடக்கிற மீனை நாம் ஏலத்தில் சேர்ப்பதில்லையே.

இன்னொன்று. யார் ஜெயிப்பார் என்று காசு கட்டச் சொல்லி யாராவது ஆசை காட்டுவார்கள். படகு அட்வான்ஸ் பணம் முழுவதையும் ஒரே வாரத்தில் அப்படி விட்டுவிட்டு, வீட்டில் சொல்ல முடியாமல் ஜெட்டியிலேயே படுத்துக்கிடந்த பையனை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கமே போகாதீர்கள். உங்கள் கணிப்பை நோட்டின் ஓரத்தில் எழுதி வையுங்கள், அது போதும்.

தடைக்காலமும் கடைசி நாளும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். வருமானம் இல்லாத கஷ்டமான நாட்கள்தான். ஆனால் லீக்கின் கடைசி ஐந்தாறு வாரம் சரியாக அதற்குள் வந்து விழுகிறது. வருடம் முழுக்கச் சனிக்கிழமையைத் தவறவிட்டவர்களும் அப்போது கரையில் இருப்பார்கள். காலையில் வலை பின்னி, படகுக்குப் பெயின்ட் அடித்து, சாயங்காலம் எல்லோரும் ஒரே டிவி முன்னால் உட்காரலாம்.

கடைசி ஞாயிறு பத்து மேட்ச்சும் ஒரே நேரத்தில் தொடங்கும். அடுத்தவர் முடிவு தெரிந்து, அதற்கேற்ப ஆடிவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. அதற்கு முதல் நாளே நோட்டை எடுத்து, யார் ஜெயித்தால் என்ன, டிரா ஆனால் என்ன என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மேட்ச்சை டிவியில் வையுங்கள். கீழே தப்பிக்கப் போராடுகிற அணியின் மேட்ச்சைக் கைப்பேசியில் வையுங்கள்.

2012 மே 13 அன்று எனக்கு இரண்டும் கிடைக்கவில்லை. அந்த வருடம் தமிழ்நாடு முழுக்க மின்வெட்டுக் காலம். சிட்டி ஜெயித்தால் கோப்பை. ஜெயிக்காமல் போய் யுனைடெட் ஜெயித்தால் யுனைடெட்டுக்கு. சிட்டியின் எதிரணி குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ், இறங்கிவிடாமல் தப்பிக்கப் போராடிக்கொண்டிருந்தது. 66ஆவது நிமிடத்தில் அவர்கள் 2-1 என்று முன்னால் போனார்கள். கொஞ்ச நேரத்தில் கரன்ட் போய்விட்டது.

துபாயில் இருந்த என் அத்தை மகனைக் கூப்பிட்டேன். நிலைமையைச் சொன்னதும் அவன் என் அழைப்பைத் துண்டித்துவிட்டு, தன் காசில் திருப்பி அழைத்தான். நான் திண்ணையில் டார்ச் வெளிச்சத்தில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தெரு முழுக்க இருட்டு. தடைக்காலமாதலால் எல்லோரும் வீட்டில்தான். பக்கத்து வீட்டு மாமா வந்து என் தோளுக்கு மேல் குனிந்து நின்றார். அவருக்கு ஆட்டம் தெரியாது, ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு நகரவில்லை.

"மச்சான், 90 ஆயிருச்சு. இன்னும் 2-1தான்."

சண்டர்லாந்தில் யுனைடெட் 1-0 என்று முன்னால் இருக்கிறது, முடியப்போகிறது என்றும் சொன்னான். நான் யுனைடெட் வரியில் 89 என்று எழுதினேன். சிட்டி வரியில் பென்சில் நின்றது.

"ஜெக்கோ அடிச்சுட்டான்! 2-2. 92ஆவது நிமிசம்."

அப்புறம் சில நொடி அவன் பேசவில்லை. டிவிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரே இரைச்சல், அலை கட்டுமரத்தில் மோதினாற்போல; நடுவில் அவன் கத்துகிற குரல். பெயர் எனக்குப் புரியவே இல்லை. மூன்றாவது தடவைதான் காதில் விழுந்தது: அகுவேரோ. சிட்டிக்கு 3-2. கடிகாரம் 93 நிமிடம் 20 நொடி.

"முடிஞ்சுதா தம்பி? யாரு?" என்று மாமா கேட்டார். நான் சிட்டி வரியைக் காட்டினேன். தோற்ற குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸும் அன்றைக்குத் தப்பித்தது, ஏனென்றால் அவர்களுக்குக் கீழே இருந்த போல்ட்டன் தன் மேட்ச்சை ஜெயிக்கவில்லை. ஒரே மைதானத்தில் ஜெயித்தவர்களும் தோற்றவர்களும் கொண்டாடியதை மறுநாள் கரன்ட் வந்த பிறகுதான் படத்தோடு பார்த்தேன்.

நம் நாட்டு லீக்கைப் பார்க்க

இந்தியன் சூப்பர் லீக் 2014இல் தொடங்கியது. அதற்கும் இதே நோட்டு உதவும், ஒரு மாற்றத்தோடு. அங்கே லீக் சுற்றுக்குப் பிறகு மேலே வந்த அணிகளுக்குள் நாக்-அவுட்டும் ஃபைனலும் வைத்துக் கோப்பை கொடுத்துவந்தார்கள். நம் சென்னையின் எஃப்சி 2015இல் பட்டியலில் மூன்றாவதாக வந்து, ஃபைனலில் கோவாவை 3-2 என்று ஜெயித்தது. 2017-18இல் இரண்டாவதாக வந்து, பெங்களூருவிலேயே பெங்களூரு அணியை அதே 3-2க்கு வீழ்த்தியது. 2019-20 முதல் பட்டியலில் முதலிடம் வரும் அணிக்குத் தனியாக ஷீல்டு உண்டு. எனக்கு ஷீல்டுதான் பெரிது. ஃபைனல் ஜெயித்த ராத்திரிகளில் சந்தோசப்பட்டதும் உண்மை.

ஜூன் மாதம்

சீசன் முடிந்ததும் நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அடியில் இறங்கிய மூன்று பெயரை அடித்துவிட்டு, சாம்பியன்ஷிப்பிலிருந்து மேலே வந்த மூன்று பெயரை எழுதுங்கள். அதில் இரண்டு அணி நேராக வரும், மூன்றாவது, அடுத்த இடங்களில் வந்த அணிகளுக்குள் நடக்கிற பிளே-ஆஃப் ஆடி வரும்.

புது சீசன் அட்டவணை பெரும்பாலும் ஜூன் நடுவில் வெளியாகும். நம் தடைக்காலம் முடிந்து, படகுகள் டீசல் ஏற்றிக்கொண்டு, ஐஸ் லாரிகள் ஜெட்டியில் வரிசை கட்டி நிற்கிற அதே வாரத்தில். உங்கள் அணியின் 38 மேட்ச்சுக்கும் தேதியைப் பார்த்து, நாலரையோ ஐந்தரையோ கூட்டி, நம் நேரத்தை எழுதுங்கள். சனி, திங்கள், புதன் விழுகிறவற்றுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள்: அன்றைக்குக் கடலுக்குப் போகிறவருக்காக முடிவைச் சொல்லாமல் வைத்திருக்க வேண்டிய நாட்கள் அவை.